பெர்டினாக்சும் குளிக்கத் தடையும்

எங்கள் பக்கத்தில் ஆனி, ஆடி மாசங்களில்தான் முனைவர்கள் அதிகமாகப் பிறப்பார்கள். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு, வைவா என்பார்கள். அதற்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து கேள்வி கேட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். பங்குனி, சித்திரையில் கூப்பிட்டுப் பாருங்கள், ஒருத்தருக்கு மூட்டுவலி, ஒருத்தருக்கு மகள் கல்யாணம், இன்னொருத்தருக்குத் தலைக்கு மேல் வேலை. குற்றாலத்தில் சாரல் விழுந்துவிட்டதாக டி.வி.யில் காட்டிவிட்டால் போதும், அத்தனை பேருக்கும் ஒரே நாளில் ஓய்வு கிடைத்துக் கல்வியின் மேல் பிடிப்பு வந்துவிடும். பல்கலைக்கழக விதியில் இப்படி எழுதியிருக்கிறதா என்றால், இல்லை. எழுதாமலே எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிற விதி அது ஒன்றுதான்.

கீழப்பாவூர் வேல்விழிக்கும் அப்படித்தான் ஆனி மாசம் வைவா வந்தது. தென்காசியில் ஒரு கல்லூரியில் அவள் வரலாற்றுத் துறை கௌரவ விரிவுரையாளர். பெயரிலேயே கௌரவம் இருப்பதால் சம்பளத்தில் தனியாக வைக்க வேண்டியதில்லை என்று நிர்வாகம் நினைத்தது. அதே கல்லூரியில் நிரந்தரப் பணியிடம் ஒன்று காலியாகியிருந்தது. திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு. முனைவர் பட்டம் இருந்தால் உள்ளே, இல்லாவிட்டால் வெளியே. வைவா அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை. அதைத் தள்ளிப்போட இடமே கிடையாது.

அவள் ஆராய்ந்தது பெர்டினாக்ஸ் என்கிற ரோமாபுரிப் பேரரசனை. அவளாகப் போய் அவனைப் பிடிக்கவில்லை. அவளுடைய நெறியாளர் விஜயசங்கர்தான் பிடித்துக் கொடுத்தார். "ஏம்மா வேல்விழி, இந்த ஆளு எண்பத்தேழு நாளுதான் ஆண்டிருக்கான். ஒரு வருசத்துல முடிச்சிட்டுப் போயிரலாம்" என்றார். ஏழு வருஷம் ஆயிற்று. அந்த மனுஷன் ஆண்ட ஒவ்வொரு நாளுக்கும் இவள் ஒரு மாசம் உழைத்திருப்பாள்.

தாமதத்துக்குக் காரணம் ஆய்வுக் குழு. "வட்டாரத் தொடர்பு எங்க?" என்று கேட்டார்கள். ரோமாபுரிக்காரனுக்கும் தென்காசிக்கும் என்ன சார் தொடர்பு என்றாள். "அதைத்தானம்மா நீ ஆராய்ச்சி பண்ணணும்." அவளும் மெனக்கெட்டுத் தேடி, 'பெர்டினாக்சும் சித்தாற்றங்கரையும்' என்று ஓர் இயல் எழுதினாள். தொடர்பு எதுவும் கிடையாது என்பதைப் பக்கம் பக்கமாக, அடிக்குறிப்புகளோடு நிறுவியிருந்தாள். ஆய்வேட்டிலேயே அதுதான் சிறந்த இயல் என்று குழு பாராட்டியது.

மற்றபடி பெர்டினாக்சின் கதை நம்ம ஊர்க் கதைதான். அவன் அப்பா ஒரு காலத்தில் அடிமை. எசமான் விடுவித்த பிறகு கம்பளி வியாபாரம் பார்த்தார். மகன் படித்து வாத்தியார் ஆனான். வாத்தியார் வருமானம் கட்டுப்படியாகவில்லை என்று பட்டாளத்துக்குப் போனான். அங்கே படிப்படியாக ஏறினான். அறுபது வயசுக்கு மேல், இருந்த ராஜாவைக் கொன்றவர்கள் இவனைக் கூப்பிட்டுச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தவன் சும்மா இருந்திருக்கலாம். முந்தின ராஜா சேர்த்து வைத்த ஆடம்பரச் சாமான்களை விற்றான். பெண்டாட்டிக்கு மகாராணிப் பட்டம் வேண்டாம் என்றான். கடைசியாக அரண்மனைக் காவல்படையைப் பார்த்து ஒழுங்காக டூட்டி பாருங்கள் என்றான். அவ்வளவுதான், வாளை உருவிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஓடி ஒளிந்திருக்கலாம். ஓடாமல் எதிரே போய் நின்று நியாயம் பேசினான், கிறுக்குப் பய. குத்திப் போட்டார்கள்.

வேல்விழியின் அப்பா உச்சிமாகாளி, ஹவில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர், இந்தக் கதையில் ஒரே ஒரு இடத்தைத்தான் மெச்சினார். "வாத்தியார் வேலைய விட்டுட்டுப் பட்டாளத்துக்குப் போனாம் பாரு, அங்கன நிக்கான் மனுசன்."

வெள்ளிக்கிழமை காலையில் தென்காசி ஸ்டேஷனில் வந்து இறங்கினார் புறத் தேர்வாளர் முனைவர் தாணுமாலயன். பூர்வீகம் இந்தப் பக்கம்தான். வடக்கே பெரிய பல்கலைக்கழகத்தில் இருப்பதால் பேச்சை மாற்றிக்கொண்டவர். வேல்விழி மாலை போட்டாள், விஜயசங்கர் பையை வாங்கிக்கொண்டார். பையிலிருந்து எண்ணெய் வாசம் அடித்தது.

"தண்ணி எப்படி?" என்றார் தாணுமாலயன். அது அவர் கேட்ட முதல் கேள்வி.

"நல்லா விழுது சார்" என்று சொல்ல விஜயசங்கர் வாயைத் திறப்பதற்குள், கார் டிரைவர் சொல்லிவிட்டான். "ஓவரா விழுது சார். ராத்திரி மலையில பேய் மழை. எல்லா அருவியிலயும் குளிக்கத் தடை."

காரில் தாணுமாலயன் பையைத் திரும்ப வாங்கி, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி மடியில் வைத்துக்கொண்டார். வேல்விழிக்கு அப்போது விஷயம் புரியவில்லை. அருவியில் தடை என்றால் வைவாவுக்கு என்ன என்று நினைத்துக்கொண்டாள், பாவம்.

துறையில் மின்விசிறி ரிப்பேர் என்று எழுதிக்கொடுத்து, வைவாவைக் குற்றாலத்தில் ஒரு விடுதி ஹாலில் வைத்திருந்தார்கள். குத்துவிளக்கு ஏற்றினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவருக்கு ஒரு பொன்னாடை, அதை ஏற்பாடு செய்தவருக்கு ஒன்று. பிறகு தாணுமாலயன் எழுந்தார். அவருக்கு அனுப்பிய ஆய்வேடு உறை பிரிக்காமல் மேஜைமேல் இருந்தது.

"ஆய்வேட்டை வரிவரியா படிச்சேன். முதல் இயல், பேரரசனுடைய குடும்பப் பின்புலம். அங்கேயே எனக்கு நெருடுது. பேரரசன்னு சொல்றே, அடிமை மகன்னும் சொல்றே. ரெண்டுல ஒண்ணு வச்சுக்கோ. பின்புலம் இல்லாம எவன் மேல வந்திருக்கான்? என்னையே எடுத்துக்கோ. எங்க மாமா பதிவாளரா இருந்தார். என் ஆய்வேட்டை அவர்தான் திருத்தினார். திருத்தினார் என்ன, எழுதினதே அவர்தான். நான் ஒளிச்சுப் பேசற ஆளில்லை. இன்னிக்கு எத்தனை பேருக்கு நான் பட்டம் கொடுக்கறேன்! அதுக்குப் பேர்தான் வம்சம். உன் ஆளு வம்சம் இல்லாம வந்தான், எண்பத்தேழு நாள்ல போயிட்டான். ஆய்வு முடிவு அப்படித்தானே இருக்கணும்?"

ஹால் கைதட்டியது. விஜயசங்கர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்.

"இல்ல சார்" என்றாள் வேல்விழி. "காவல்படைய ஒழுங்கா இருக்கச் சொன்னதாலதான் அவனைக் கொன்னாங்க. அஞ்சாம் இயல்ல..."

விஜயசங்கர் இருமினார். அது 'உட்காரு' என்கிற இருமல்.

"பரவாயில்லை, துணிச்சல் இருக்கு" என்றார் தாணுமாலயன். "பரிந்துரைக்கறேன். கையெழுத்து மட்டும் குளிச்சிட்டு வந்து போடறேன். அருவி இருக்கிற ஊர்ல குளிக்காம கையெழுத்துப் போட்டதில்லை. அது என் முறை."

"மரபுன்னு சொல்லுங்க சார்" என்றார் விஜயசங்கர்.

"ஆமா, மரபு."

"தடை போட்டிருக்காங்களே சார்" என்றாள் வேல்விழி. 

"தண்ணி வடியட்டும். எனக்கென்ன அவசரம்?"

அன்று சாயந்திரம் தண்ணீர் வடியவில்லை. சனிக்கிழமையும் வடியவில்லை. மெயினருவியில் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டியது, ஐந்தருவியில் அஞ்சு கிளையும் ஒன்றாகி மலையே இறங்கி வருகிற மாதிரி இருந்தது. தாணுமாலயன் காரிலேயே ஒவ்வோர் அருவியாகப் போய்ப் பார்த்துவிட்டு, இடையிடையே பரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டார், மங்குஸ்தான் பழத்தைக் கூடையோடு வாங்கித் தோலை வேல்விழியின் கையில் கொடுத்தார். அவள் மலையைப் பார்த்தபடியே இருந்தாள். கொஞ்சம் வெளுத்தால் ஒரு உயிர் வரும், உடனே மேகம் வந்து மூடிக்கொள்ளும். ஏழு வருஷப் படிப்பு ஒரு மேகத்துக்குக் கீழே வந்து நிற்கும் என்று எந்தப் புத்தகத்திலும் அவள் படித்ததில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் காட்ட? மழை மேல் காட்டினாள்.

சனிக்கிழமை மதியம், சாப்பாட்டு மேஜையில், தாணுமாலயன் பேச்சுவாக்கில் கேட்டார். "உன்னுடைய குடும்பப் பின்புலம் என்னம்மா?"

"அப்பா மிலிட்டரி சார், இப்ப விவசாயம். தம்பி பாண்டிராஜ் போலீஸ்ல இருக்கான்."

"எங்க டூட்டி?"

"சீசன் டூட்டி சார். இங்கன ஐந்தருவியில."

எல்லாரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். இந்த ஏழு வருஷத்தில் அவளை யாரும் அப்படி மரியாதையாகப் பார்த்ததில்லை. விஜயசங்கர் தானே எழுந்து அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"இத்தனை நேரம் இதைச் சொல்லாம இருந்தியேம்மா" என்றார். "காலையில போயித் தம்பிகிட்டக் கெஞ்சியாவது கேளு."

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஐந்தருவிக்குப் போனாள். குறுக்கே கயிறு கட்டி, விசிலும் மைக்குமாக நின்றான் பாண்டிராஜ். தூரத்திலேயே அவள் முகத்தைப் பார்த்துவிட்டான்.

"என்னக்கா, அப்பாவுக்கு எதும் மேலுக்குச் சொகமில்லையா?"

"அப்பா நல்லாத்தான் இருக்காரு. எங்க பெரிய சாருக்குக் குளிக்கணுமாம்லே."

"யாருக்கும் கிடையாது. இரைச்சலக் கேட்டியா? நாளைக்கு வரச்சொல்லு."

"நாளைக்கு இன்டர்வியூலே. அவரு குளிச்சாத்தான் கையெழுத்துப் போடுவேங்காரு."

பாண்டிராஜுக்குச் சிரிப்பு வந்தது. அக்கா சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான். "எக்கா, நீ சொல்லுதது நெசமா? குளிச்சாத்தான் டாக்டர் பட்டமா? படிச்சவங்கதானா இவங்க?"

"ஏழு வருசம்லே பாண்டி. நாளைக்கு விட்டா எனக்கு வேற வழி கிடையாது. ஒரு தரம் தலைய நனைச்சிட்டு வந்திருவாரு." சொல்லும்போதே அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஆனாலும் சொன்னாள்.

அதற்குள் பேராசிரியர்கள் இரண்டு பேரும் பின்னாலேயே காரில் வந்து இறங்கியிருந்தார்கள். தாணுமாலயன் தலையிலிருந்து பாதம்வரை எண்ணெய் பூசி, இடுப்பில் துண்டோடு நின்றார். பாண்டிராஜ் நேரே அவரிடம் போனான். "சார், தடை இருக்கு. தண்ணி ஆளைத் தூக்கிரும். வேண்டாம்."

"எனக்குத் தெரியும் தம்பி, ரெண்டு நாளா அதைத்தானே கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார் அவர். "நாங்கள்லாம் சட்டத்தை மதிக்கிறவங்க. அதனாலதான் அனுமதி கேட்டு நிக்கறோம்."

"அனுமதி கிடையாது சார்."

விஜயசங்கர் வேல்விழியைப் பார்த்தார். வேல்விழி தம்பியைப் பார்த்தாள். அவன் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றித் திரும்ப மாட்டினான்.

"நான் டீ குடிக்கப் போறேன்" என்றான். யாரிடம் சொன்னான் என்று தெரியவில்லை. கயிற்றை அவிழ்க்கவில்லை. போய்விட்டான்.

தாணுமாலயன் கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனார். அருவிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை, படியில் கால் வைத்ததும் தண்ணீர் அவரை ஒரு தட்டுத் தட்டியது. முதலில் துண்டு போயிற்று. பிறகு அவர் போனார். கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, வடக்கே போய்க் கற்ற பேச்செல்லாம் மறந்து, "எலே காப்பாத்துங்கலே! ஏ ஆத்தா, செத்தேனே!" என்று ஐந்தருவியின் இரைச்சலுக்கு மேலே கத்தினார். விஜயசங்கர் கரையில் நின்று எண்ணெய்ப் பாட்டிலைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். டீக்கடையிலிருந்து பாண்டிராஜ் ஓடிவந்து பூட்சோடு தண்ணீரில் இறங்கி, அக்குளில் கைபோட்டு இழுத்து வந்தான். பாறையில் மோதி அவன் நெற்றி பிளந்துவிட்டது. எதிர்க்கரையில் நின்ற நாலு பேர் இதைச் செல்போனில் எடுத்தார்கள்.

தாணுமாலயனுக்கு இடது தோளில் அடி. ஆம்புலன்ஸில் ஏற்றும்போது, "நான் குளிச்சாச்சு, பேனா கொண்டா" என்று வலது கையை நீட்டினார். மரபு மரபுதான். போர்வைக்குள்ளிருந்து கையெழுத்துப் போட்டார். விஜயசங்கர் ஆம்புலன்ஸ் படியில் நின்று, டிரைவரையும் நர்ஸையும் அவையோராக வைத்து, "செல்வி உ. வேல்விழி இன்று முதல் முனைவர் என அறிவிப்பதில் மகிழ்ச்சியடைகிறேன்" என்று படித்தார். சைரன் அடித்தது. பாண்டிராஜ் கைக்குட்டையால் நெற்றியைப் பொத்திக்கொண்டு கைதட்டினான்.

திங்கட்கிழமை நேர்முகத் தேர்வு நடந்தது. முனைவர் வேல்விழிக்கு வேலை கிடைத்தது. அன்று சாயந்திரமே உச்சிமாகாளி, வெண்கலத்தில் 'முனைவர் உ. வேல்விழி' என்று பொறித்த போர்டை வாசலில் திருகி வைத்தார். ரெண்டு மாசத்துக்கு முன்பே செய்து கட்டிலுக்கடியில் வைத்திருந்தாராம். போர்டின் கீழே பாண்டிராஜ் நெற்றியில் தையலோடு உட்கார்ந்திருந்தான். வீடியோ ஊரெல்லாம் பரவி, அவனைப் பணியிடை நீக்கம் செய்திருந்தார்கள்.

விசாரணைக்குத் தாணுமாலயன் எழுதிக்கொடுத்தது இது: "கல்விப் பணிக்காக வந்த எனக்கு அருவியில் தடை இருப்பது தெரியாது. தடுக்க வேண்டிய காவலர் டீக்கடையில் இருந்தார். கடமை உணர்வு இல்லாத இத்தகையவர்களால்தான் நாடு இந்த நிலையில் இருக்கிறது."

தன் உயிரைக் காப்பாற்றியவனைப் பற்றி எழுதியிருக்கிறான் இப்படி. படித்த கை.

விஜயசங்கர் வேல்விழியைத் தனியே கூப்பிட்டார். "உன்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவாங்க. நீ ஒண்ணும் பார்க்கலைன்னு சொல்லிரு. தம்பிக்கு என்ன, ஆறு மாசத்துல எங்கயாவது போட்டிருவாங்க. உனக்கு அப்படியாம்மா? பட்டம் போயிட்டா, வேலை போயிட்டா?" அவர் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

வீட்டில் பாண்டிராஜும் அதையேதான் சொன்னான். "எக்கா, நீ பாட்டுக்கு இரி. நான் டீ குடிக்கப் போனது நெசந்தானே?"

விசாரணை அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்தாள். தண்ணீர் குடித்தாள். தடை இருப்பது தாணுமாலயனுக்குத் தெரியுமா என்று அதிகாரி கேட்டார்.

"தெரியும் சார். வெள்ளிக்கிழமையில இருந்து தெரியும். அதுக்காகத்தான் எனக்குக் கையெழுத்துப் போடாம வச்சிருந்தாரு. எந்தம்பி மொகத்துக்கு நேரா வேண்டாம்னு சொன்னான். கயிறு கட்டித்தான் இருந்துச்சு, அதுல குனிஞ்சு போனாரு. எந்தம்பிகிட்டக் கெஞ்சினது நாந்தான். கெஞ்சச் சொன்னது எங்க நெறியாளர்."

"எழுதிக்கிடலாமா?" என்றார் அதிகாரி. அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்திருக்கும். "யோசிச்சுச் சொல்லுதியளாம்மா?"

"யோசிச்சுத்தான் சார் வந்தேன். எழுதிக்கிடுங்க."

பாண்டிராஜுக்கு வேலை திரும்பக் கிடைத்தது, சம்பள உயர்வை மட்டும் வெட்டினார்கள். பல்கலைக்கழகம் ஓர் உண்மை அறியும் குழுவை அமைத்தது. தலைவர், முனைவர் விஜயசங்கர். குழு மூன்று முறை கூடியது, மூன்றும் குற்றாலத்தில். கடைசிக் கூட்டத்தில் தலைவர் தழுதழுத்த குரலில் பேசினார். "நம் நிறுவனத்தின் மானத்தைக் காக்கிற பொறுப்பு நமக்கு இருக்கிறது. ஒரு மாணவிக்குப் பட்டம் எப்படிக் கிடைத்தது என்பது முக்கியமில்லை. அது எப்படிக் கிடைத்தது என்று அவர் வெளியே சொன்னதுதான் வேதனை."

வைவா விதிமுறைப்படி நடக்கவில்லை, ஆகவே செல்லாது என்று முடிவாயிற்று. பட்டம் இல்லாததால் பணி நியமனமும் செல்லாது. பெர்டினாக்சுக்காவது எண்பத்தேழு நாள் கிடைத்தது. முனைவர் வேல்விழியின் ஆட்சி அவ்வளவுகூட நீடிக்கவில்லை. இனி இப்படி நடக்கக் கூடாது என்று ஒரு சீர்திருத்தச் சுற்றறிக்கையும் வந்தது. சீசனில் வைவாவுக்கு விண்ணப்பிக்கும் ஆய்வாளர்கள், அருவியில் குளிக்க அனுமதி உண்டு என்பதற்கான சான்றை இணைக்க வேண்டும்.

செய்தி வந்த அன்று வேல்விழி ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். உச்சிமாகாளி வந்து அதைப் பிடுங்கினார்.

"ஏட்டி, அந்த ரோமாபுரிக்காரனை வெட்டிப் போட்ட பொறவும் நீ அவனப் பேரரசன்னுதானே எழுதுன? இல்ல, பழைய வாத்தியார்னு எழுதுனியா?"

"பேரரசன்னுதான்ப்பா."

"அப்பம் போர்டு கெடக்கட்டும். எவனும் வந்து கேட்டான்னா எங்கிட்ட அனுப்பு."

அவள் நிலைப்படியில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். அழுதுவிட்டு மறுநாள் கௌரவமாக வகுப்புக்குப் போனாள்.

அடுத்த ஆனி வந்தது. மறு வைவா நடத்தக் கடிதம் வந்தது. புறத் தேர்வாளர், அதே தாணுமாலயன். பெர்டினாக்ஸ் விஷயத்தில் அவரைவிட்டால் வேறு நிபுணர் கிடையாதாம். ஒரு நாள் காலையில் அவரே போன் பண்ணினார். பழசையெல்லாம் மறந்துவிட்டதாகவும் மன்னித்துவிட்டதாகவும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"ஏம்மா, இந்த வருஷம் தண்ணி எப்படி?"

வேல்விழி மலையைப் பார்த்தாள். உச்சி தெரியாமல் கருகருவென்று மூடியிருந்தது. முற்றத்தில் பாண்டிராஜ் பூட்சுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான்.

"நல்லா விழுது சார். வாங்க" என்றாள். "இந்தத் தடவையும் எந்தம்பிக்கு அங்கனதான் டூட்டி. அவன் டீ குடிக்கிறத விட்டுட்டான்."